இந்த ஆண்டுக்கு இரண்டு சிவப்பு

நன்னீர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் சிவப்பம்மாவின் மேசைக்கு நான்கு நிறப் பேனாக்கள் கொடுத்திருந்தார்கள். பச்சையும் மஞ்சளும் மூடி திறக்காமலேயே உலர்ந்துபோயிருந்தன. ஆரஞ்சை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அது போனதே அவளுக்குத் தெரியாது. சிவப்பு மட்டும் மாதத்துக்கு ஒன்று தீர்ந்தது. புதிதாகக் கேட்டுப் போகும்போதெல்லாம் ஸ்டோர்காரர் பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடிக்கிறீங்களா மேடம்?" என்பார்.

பெயர் வந்த விதம் அவ்வளவுதான். வெளியாட்கள் அந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ தொழிற்சங்கத்தில் பெரிய ஆள் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். அவளும் திருத்தியதில்லை. வரிசையில் முன்னால் போக அது பயன்பட்டது.

அவள் வேலையைச் சொல்வது எளிது. ஊருக்கு ஒரு ஏரி இருந்தது. அந்த ஏரியிடமிருந்து ஊர் என்னென்ன வாங்கிக்கொள்கிறது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். குடிநீர், மீன், துணி துவைக்கும் துறை, படகு, நீச்சல், மாலையில் கரையோரம் வீசும் காற்று. பிறகு ஒவ்வொன்றும் கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு, கெட்டால் யாருக்கு எவ்வளவு அடி என்று இரண்டு எண் போட்டுப் பெருக்க வேண்டும். பெருக்கி வந்ததற்கு ஒரு நிறம். பச்சை என்றால் கவலை இல்லை. சிவப்பு என்றால் அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை. இந்தக் கணக்கைக் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுப் பார்க்கும் வசதி யாருக்கும் கிடைப்பதில்லை என்பது அவள் கணவருக்குத் தெரிந்த ஒரே அலுவலக நகைச்சுவை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லா நிறமும் போட்டவள்தான். ஒரு வருடம் மீனுக்குப் பச்சை போட்டாள். அந்த வெயிலில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரை முழுக்க நாற்றம். யாரும் அவளைத் திட்டவில்லை. மீன்காரம்மாகூட, "வெயிலுக்கு நீ என்னம்மா பண்ணுவே?" என்றுதான் சொன்னாள். திட்டியிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அன்றிலிருந்து எதைப் பெருக்கினாலும் சிவப்பே வந்தது. காற்றுக்கும் சிவப்பு.

அதனால் ஏரிக்கரையில் பலகைகள் பெருகின. முதலில் மக்கள் படித்தார்கள். பிறகு பார்த்தார்கள். பிறகு அவற்றில் சைக்கிளைச் சாத்தினார்கள். துவைக்கிற துறையில் இரண்டு பலகைகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். காற்று நன்றாக அடிக்கும் நாளில் 'எச்சரிக்கை' என்ற சொல்லின்மேல் யாருடைய உள்பாவாடையோ ஏறி இறங்கும்.

புதிதாக வந்த அதிகாரி முதல் வாரத்திலேயே ஏரியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"உட்காருங்கம்மா. பலகை எத்தனை இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சேன். பாதியில விட்டுட்டேன். ஒரு பலகைக்குக் கீழ நாய் ஒண்ணு தூங்குது. அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

"'வளர்ப்புப் பிராணிகளைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.'"

"குடிச்ச களைப்புலதான் அது தூங்குது."

அதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல், பல் வைத்தியர் மாதிரி பேசுவார்.

"புலி வருது, புலி வருதுன்னு தினமும் சொன்னா, ஜனங்க புலிக்கு ஒரு தட்டு வச்சுட்டுத் தூங்கப் போயிடுவாங்க. அதனால இனிமே வருஷத்துக்கு ரெண்டு சிவப்பு."

"ரெண்டு எதுக்கு சார்?"

"ஏரிக்கு."

"ஏரி முழுசுக்குமா?"

"முழுசுக்கும். மத்த கலரெல்லாம் சும்மாதானே கிடக்கு? பேனா வேணும்னா நானே சொல்லி வாங்கித் தர்றேன். அப்புறம் இன்னொண்ணு. அந்த ரெண்டுல ஒண்ணு குடிநீருக்கு. பழைய பம்பை மாத்தணும். சிவப்பு இருந்தாத்தான் மேல இருக்கிறவங்க காது கேக்கும்."

"குடிநீர் நல்லாத்தானே சார் இருக்கு? நடு ஏரியில ஆழத்துலேர்ந்து எடுக்கிறோம், வடிகட்டுறோம், மருந்து போடுறோம். பயப்பட ஒண்ணும் இல்லையே."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்களா பேசுறது?"

அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

அறையைவிட்டு வெளியே வரும்போது கையில் ஒரு சிவப்பு மிச்சம் இருந்தது. அன்றுவரை அவள் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுவதில் ஒரு சௌகரியம் உண்டு. எதற்கு அதிகம் பயம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மறுநாளே கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையைச் சுற்றக் கிளம்பினாள். செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மீன்காரம்மா செதில் சீவிக்கொண்டிருந்த கத்தியோடு எழுந்து நின்றாள்.

"வாம்மா. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சமாமே? எனக்கு வேணாம். அதை யாருக்காவது இல்லாதவங்களுக்குக் குடு."

"தானமா பண்றேன்? மீனைப் பாக்க வந்தேன்."

"நல்லா பாரு. கண்ணு எப்படி முழிக்குது பாரு. என் வீட்டுக்காரன்கூட இப்படி முழிக்க மாட்டான்."

மீன் நன்றாகத்தான் இருந்தது. அவள் மஞ்சள் என்று மனதுக்குள் எழுதினாள். எழுதியபோது கை பைக்குள் சிவப்புப் பேனாவைத் தேடியது. மனதுக்குள் எழுதும்போது பேனா எதற்கு என்று யோசித்துக்கொண்டே மேலே நடந்தாள்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் வாயில் புதிதாக நடைபாதை போட்டிருந்தார்கள். வழவழப்பான கல், ஓரத்தில் விளக்குக் கம்பங்கள், உட்கார பெஞ்சு. அந்த இடத்தில் முன்பு ஆள் உயரத்துக்கு நாணல் நின்றது. வெட்டுவதற்கு முன் முறைப்படி அவளுடைய பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். நாணலுக்கு நேரே, 'கூடை முடைய' என்று ஒரே ஒரு பயன். கூடை முடைகிறவர்கள் எல்லோரும் எப்போதோ பிளாஸ்டிக் கூடை விற்கப் போய்விட்டார்கள். பயன் இல்லை, ஆகவே நஷ்டமும் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

மேட்டு வயல்களிலிருந்து வாய்க்கால் கொண்டுவரும் உரத்தையெல்லாம் அந்த நாணல்தான் தின்றுகொண்டிருந்தது. நேரம் தவறாமல் தின்று, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேலை பார்த்த ஒரே ஊழியர். அந்த வேலைக்குப் பட்டியலில் வரி கிடையாது. 'நாணல் எங்களுக்காகத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது' என்று சொல்ல யாரும் அவள் அலுவலகத்துக்கு வந்ததில்லை. அவளும் எழுதவில்லை.

வாய்க்கால் வாயிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரி ஒரு மூலையாக உள்ளே வளைந்தது. மூன்று பக்கமும் மேடு. காற்று எட்டிப் பார்க்காத இடம். அலையே இருக்காது. அதனாலேயே நீந்தக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. படியில் மண்டியிட்டு, கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினாள். தட்டு எவ்வளவு ஆழம்வரை கண்ணுக்குத் தெரிகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் தெளிவு என்று அர்த்தம். தட்டு உள்ளே போன உடனேயே மறைந்தது, விருந்தாளியைக் கண்டதும் அறைக்குள் போய்விடும் பிள்ளை மாதிரி. கரையோரம் பச்சையாக ஒரு கோடு, யாரோ பெயின்ட் டப்பாவைக் கழுவி ஊற்றியதுபோலத் திட்டுத்திட்டாக ஒதுங்கியிருந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பெருக்கவே வேண்டாம்.

அவள் நிமிர்ந்தாள். எதிரே இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கணவர் கத்திக்கொண்டிருந்தார்.

"கையை நீட்டு! இன்னும் நீட்டு! பயத்தை அப்புறம் படலாம், இப்ப தண்ணியைத் தள்ளு!"

ஊருக்கு அவர் மாஸ்டர். ஊரில் நீந்தத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவர் கையில் படுத்துக் கால் உதைத்தவர்கள். காலையிலும் மாலையிலும் தண்ணீரிலேயே நிற்பதால் அவரைச் சட்டையோடு பார்த்தவர்கள் குறைவு. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே ஏரியில் வேலை. அவர் ஆட்களை அதில் இறக்குவார். அவள் அவர்களை வெளியே வைக்கப் பார்ப்பாள். இத்தனை வருடம் இரண்டு பேரும் ஒருவர் வேலையில் ஒருவர் தலையிட்டதில்லை. குடும்பம் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவள் போத்தலில் தண்ணீரை முகந்து மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பச் சீட்டு ஒட்டினாள்.

சாப்பாட்டு மேசையில் சொல்வதாக முடிவுசெய்திருந்தாள். வீட்டிலும் சில பொருள்கள்மேல் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. கால் ஆடுகிற ஸ்டூல், குளியலறையில் வழுக்கும் கல், அடுப்பின் ஒரு திருகு. மாஸ்டர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுவார்.

"என்னங்க."

"ம்."

"நாளையிலேர்ந்து கிளாஸ் வேணாம்."

"யாருக்கு?"

"யாருக்குமே."

அவர் மென்றுகொண்டிருந்ததை மென்று முடித்தார். "பாசியா? வெயிலுக்கு வரும், மழைக்குப் போகும். நான் பாக்காத பாசியா?"

"இது அந்தப் பாசி இல்ல. நீலப்பச்சைப் பாசி. உடம்புல பட்டா அரிப்பு. உள்ள போனா வாந்தி. நிறைய போனா ஈரல்."

"என் கிளாஸ்ல யாரும் தண்ணி குடிக்கிறதில்ல."

"முதல் வாரம் எல்லாரும் அதை மட்டும்தான் செய்றாங்க."

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"நிச்சயமா அதுதானா?"

"ஆய்வுக்கு அனுப்பியிருக்கேன். பதில் வர நாளாகும்."

"அப்ப நிச்சயமில்ல."

"நிச்சயமாயிட்டா அப்புறம் நான் எதுக்கு? டாக்டர் போதுமே."

மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். "இங்க பாரும்மா. இந்த ஸ்டூல் சிவப்பு. நான் தினமும் உன் சிவப்பு மேலதான் உக்காந்து சாப்பிடுறேன். குளியலறை சிவப்பு. தினமும் குளிக்கிறேன். வெளியூர்ல படிக்கிற பொண்ணுக்கு ஃபோன் பண்ணா, படிக்கட்டு சிவப்பு, பஸ்ஸு சிவப்பு. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இதுல சாண் என்ன, முழம் என்ன?"

"இந்த வருஷத்துக்கு எனக்கு ஒண்ணுதான் மிச்சம்."

"என்ன ஒண்ணு?"

"சிவப்பு. ரெண்டு குடுத்தாங்க. ஒண்ணை அதிகாரி குடிநீருக்கு எடுத்துக்கிட்டாரு."

அவர் சிரித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஸ்டூல் ஆடியது. "ரேஷனா? உனக்கா? யாருப்பா அந்த மகராசன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டே, "குடிநீர் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப மீனு?"

"மஞ்சள்."

"மீனுக்கா? நீயா?"

"ம்."

"அந்த ஓட்டைப் படகு?"

"ஆரஞ்சு. பேனா வாங்கணும்."

"துவைக்கிற துறை? வருஷா வருஷம் ரெண்டு பேர் வழுக்கி விழுறாங்களே?"

"மஞ்சள்தான்."

மாஸ்டரின் சிரிப்பு ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மீன் மிதந்த வருடத்தில் அவள் பல நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

"அத்தனையையும் விட்டுட்டு, இருக்கிற ஒண்ணைக் கொண்டாந்து என் தலையிலயா வைக்கிற?"

"ஆமா."

"பலகை வைப்பியா?"

"வைக்கணும். ஆனா எவனும் படிக்க மாட்டான். நீங்க தண்ணியில நிக்கிறதைப் பாத்தா இறங்குவாங்க. நீங்க நிக்கலேன்னா இறங்க மாட்டாங்க. அதான் உங்ககிட்ட கேக்கிறேன்."

அவர் எழுந்து கை கழுவினார்.

"யோசிக்கிறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் யோசிக்கிறேன் என்று சொன்னது எதுவும் நடந்ததில்லை. வீட்டுக்கு வெள்ளையடிப்பதைக்கூட இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

காலையில் பலகையோடு ஆள் வந்தபோது அவள் கூடவே போனாள். மூலையை நெருங்கியதுமே ஏதோ வித்தியாசமாக இருப்பது தெரிந்தது. கத்தல் கேட்டது, ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

மாஸ்டர் கரையில் நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, பெல்ட்டு போட்ட கால்சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். ஏதோ வீட்டுச் சாவுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. அவருக்கு எதிரே வகுப்பு முழுவதும் தரையில் விரித்த பாய்களிலும் நடைபாதை பெஞ்சுகளிலும் குப்புறப் படுத்துக் காற்றில் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

"கையை நீட்டு! இன்னும் நீட்டு! அங்க என்ன மூச்சு வாங்குறீங்க சார்? தரையிலதானே இருக்கீங்க?"

சார் என்றது வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவரை. அவர் தண்ணீரைக் கண்டால் படியைவிட்டு இறங்காதவர். மற்றவர்களெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் நீந்திக்கொண்டு போய்விட, அவர் மட்டும் வருடக்கணக்கில் வகுப்பில் இருந்தார். பெஞ்சில் படுத்தபடியே தலையைத் தூக்கி, "மாஸ்டர், இதுல மூழ்க வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் இருக்கு. கண்ணை மூடாதீங்க."

சிவப்பம்மா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

பலகையை யாரும் படிக்கவில்லை. ஆனால் அன்று மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மீன்காரம்மா கூடையை இறக்காமலேயே அலுவலக வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் சட்டை போட்டிருக்காராமே? ஏரிக்கு என்ன ஆச்சு?"

மூலையில் யாரும் இறங்கவில்லை. துணி துவைக்க வந்தவர்கள் வேறு துறைக்குப் போனார்கள். விளையாட வந்தவர்கள், மாஸ்டர் ஷூவோடு நிற்பதைப் பார்த்ததும் கல்லெறிந்துவிட்டுத் திரும்பினார்கள். நாயைக்கூட அதன் சொந்தக்காரர் கயிற்றில் கட்டி இழுத்துப்போனார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. யாரும் இறங்காததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்க ஆரம்பித்தார்கள். நடந்ததற்குச் சாட்சி கிடைக்கும். நடக்காமல் போனதற்கு எந்த ஊரிலும் சாட்சி கிடையாது. பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்கள், தரையில் நீந்துவதற்கு வீட்டுக் கட்டில் போதாதா என்றார்கள். ஊரின் மறுகோடியில் இருந்த ஹோட்டலில் நீலக்கல் பதித்த குளம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவராக அங்கே மாறினார்கள். பாய்கள் குறைந்தன.

மாஸ்டர் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் நேரம் மிஞ்சியது. ஸ்டூலின் காலைச் சரிசெய்தார். அடுப்புத் திருகை மாற்றினார். குளியலறைக் கல்லைச் சுரண்டினார். மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரமே இல்லாத தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருப்பதை அவள் ஒருநாள் பார்த்தாள். பார்க்காததுபோல உள்ளே போய்விட்டாள்.

ஆய்வகத்திலிருந்து ஃபோன் வந்தது.

"வரம்பைத் தாண்டியிருக்கு மேடம்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான் மேடம். நல்லா இருக்கிற பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பிள்ளைங்க ரெண்டு மூணு மடக்கு குடிச்சிருந்தா கஷ்டப்பட்டிருப்பாங்க."

அன்று மேசையில் அதை அப்படியே சொன்னாள். மாஸ்டர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"கொஞ்சத்துக்கா நான் ஷூ போட்டேன்?"

"பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் போதும்."

"சரி." பிறகு, "நிறையன்னு வந்திருந்தா எனக்கும் ஊர்ல பதில் சொல்ல வசதியா இருந்திருக்கும்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தண்ணீரின் ஆழத்தைச் சொல்லும் குரல்.

சிவப்பு இரண்டே இரண்டு என்பதால் அதற்கு மேலிடத்திலும் மரியாதை இருந்தது. அதிகாரி நேரில் வந்து பார்த்தார். நடைபாதையின் ஒரு பக்கத்தைப் பெயர்த்து எடுக்கச் சொன்னார். வாய்க்கால் வாயில் திரும்ப நாணல் நட்டார்கள். சிவப்பம்மா தன் பட்டியலில் நாணலுக்கு நேரே, 'தண்ணீரைச் சுத்தம் செய்கிறது' என்று எழுதினாள். பயன் பெறுபவர் யார் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'கேட்கப்படாதவர்கள் உட்பட அனைவரும்' என்று எழுதினாள். அதிகாரி அதைப் படித்துவிட்டு, "இது என்ன, கவிதையா?" என்றார். ஆனால் அந்த வரியை அடித்துவிடவில்லை.

மழை பெய்தது. வாய்க்கால் பெருகி மூலையில் தேங்கியிருந்ததை அடித்துக்கொண்டு போனது. தட்டு ஆழத்திலும் தெரிந்தது. ஆய்வகத்துக்காரர் இம்முறை கொஞ்சம்கூட இல்லை என்றார். அவள் இன்னொரு போத்தல் அனுப்பினாள். அதற்கும் இல்லை என்றார். மூன்றாவதும் அனுப்பினாள். "மேடம், உங்க ஏரியைவிட எங்க குழாய்த் தண்ணி மோசமா இருக்கு" என்றார்.

"பச்சை போட்டுடுங்கம்மா" என்றார் அதிகாரி.

"மஞ்சள் போடலாமா சார்?"

"மஞ்சள்னா?"

"கவனமா இறங்கலாம்."

"கவனமா இறங்குறதுன்னா எப்படி? ஒரு காலை வெளியில வச்சுட்டா?"

"இன்னும் ஒரு வாரம் பாக்கிறேன் சார்."

அந்த வாரத்தில் ஒருநாள் ஓய்வு பெற்ற காசாளர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், தரையில நான்தான் முதல் மாணவன். சீக்கிரமே ஒரே மாணவனும் ஆகிடுவேன். மீதி இருக்கிற நாலு பேரும் வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து ஹோட்டல் குளத்துக்குப் போறாங்க. என்னை மட்டும் வச்சு மாஸ்டர் எத்தனை நாள் ஓட்டுவாரு? என்னை எனக்கே தெரியும்."

"அவர் உங்களை அனுப்பினாரா?"

"சே சே. அவரா? நேத்து நான் சும்மா கால் நனைக்கப் போனேன். விட மாட்டேன்னுட்டாரு. 'வீட்டுல இன்னும் சொல்லல'ன்னாரு."

அவர் போன பிறகு சிவப்பம்மா பேனாக்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். இத்தனை வருடம் நூற்றுக்கணக்கில் எழுதியும் அவள் சொல்லை ஒருவரும் நம்பியதில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாகவே இருந்தது. இப்போது ஒரே ஒரு மனிதர் முழுவதுமாக நம்பிவிட்டார். அவள் சொல்லும்வரை அவர் அங்கேயே ஷூவோடு நிற்பார். தொழிலே போனாலும் நிற்பார். நம்பாதவர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டு வரலாம். நம்புகிறவரிடம் சரியாகத்தான் சொல்ல வேண்டும். அது அவளுக்குப் பழக்கமில்லாத பாரம்.

மறுநாள் காலை அவள் மூலைக்குப் போனாள். கடைசி நான்கு பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் காசாளரும் இருந்தார்கள். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் படியில் குனிந்து தட்டை இறக்கிப் பார்த்தாள். தெரிந்தது. எழுந்தாள்.

"இறங்கலாம்" என்றாள்.

யாரும் அசையவில்லை.

"பலகை இருக்கே மேடம்?" என்றாள் ஒரு அம்மா. அந்த ஊரில் ஒருவர் பலகையைப் படித்துவிட்டுப் பேசியது அன்றுதான்.

சிவப்பம்மா பலகையைப் பிடித்து இழுத்தாள். இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்டினாள். வரவில்லை. மாஸ்டர் வந்து மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் இழுத்ததில் பிடுங்கிக்கொண்டு வந்தது. மாஸ்டர் அவள் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

அம்மாக்கள் பிள்ளைகளின் தோளை விடவில்லை.

"நேத்துவரை கூடாதுன்னீங்க. இன்னிக்கு சரின்னா எப்படி? நீங்க இறங்குவீங்களா?"

நியாயமான கேள்வி. நீச்சல் மாஸ்டரின் மனைவிக்கு நீந்தத் தெரியாது என்பது ஊரில் பழைய நகைச்சுவை. அவள் வேலையெல்லாம் கரையிலும் படகிலும். செருப்பைக் கழற்றினாள். கால்சட்டையை முழங்கால்வரை மடித்தாள். முதல் படி, இரண்டாம் படி. அப்புறம் படி இல்லை, சேறு. விரல்களுக்கு நடுவே சில்லென்று பிதுங்கியது. மடித்தது வீண். தண்ணீர் முழங்காலைத் தாண்டி, தொடையைத் தாண்டி, இடுப்புக்கு வந்தது. வயிறு தானாக உள்ளே போனது. பயப்பட நிறைய இருந்தது. வழுக்கலாம், பள்ளம் இருக்கலாம், கண்ணாடித்துண்டு இருக்கலாம். அதையெல்லாம் அடுத்த பட்டியலில் சேர்த்துக்கொள்வதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு, திரும்பி, கரையைப் பார்த்து நின்றாள். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள்.

கரையில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

மாஸ்டர் தண்ணீருக்குள் நடந்து வருவதை அவள் முதல்முறையாகத் தண்ணீருக்குள் இருந்து பார்த்தாள். தரையில் நடப்பதைவிட நன்றாக நடந்தார். பக்கத்தில் வந்து, ஏற இறங்கப் பார்த்தார்.

"தோளை இறக்கு. மூச்சை ஏன் பிடிச்சு வச்சிருக்க?"

"நான் கத்துக்க வரல."

"இடுப்புத் தண்ணியில நிக்கிற யாரா இருந்தாலும் என் கிளாஸ்தான். தோளை இறக்கு."

காசாளர் கண்ணை மூடிக்கொண்டு படியிலிருந்து விழுந்தார். குதித்தார் என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டார். தரையில் பழகிய கை தானாக நீண்டது. நாலு வீச்சு வந்து, தான் நீந்திக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்ததும் மூழ்கினார். மாஸ்டர் காலரைப் பிடித்துத் தூக்கினார். இருமலுக்கு நடுவே காசாளர், "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று எல்லோரையும் கேட்டார். அதற்குள் பிள்ளைகள் அம்மாக்களின் பிடியை உதறிவிட்டு இறங்கிவிட்டார்கள். ஒரு அம்மாவும் இறங்கினாள்.

சிவப்பம்மா வெளியே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். ஒன்று உள்ளே போனால் அது மேலே வரும்வரை அடுத்ததைப் பார்க்கவில்லை. யார் வாயில் தண்ணீர் போகிறது, யார் துப்புகிறார்கள், யார் உடம்பைச் சொறிகிறார்கள் என்று பார்த்தாள். காசாளர் முழங்கையைச் சொறிந்தார். அவளுக்கு உயிர் போய் வந்தது. கொசு.

"அலுவலகத்துக்கு நேரமாகலையா?" என்றார் மாஸ்டர்.

"எல்லாரும் ஏறட்டும்."

"அதுவரைக்கும் சும்மா நிப்பியா?"

"எண்ணிட்டிருக்கேன்."

"கண்ணுதானே எண்ணுது" என்றார் மாஸ்டர். அவள் முதுகுக்குக் கீழே தண்ணீரில் கையை விரித்து நீட்டினார். "சாஞ்சுக்கோ. கால் சும்மாதானே இருக்கு, அதை உதை."